சோற்றில் நட்ட குச்சிகள்

என் புருசன் பெயர் சசிகரன். ஓட்டோ சசி என்று கேட்டால்தான் உட்துறைமுக வீதியில் ஆட்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். கோட்டை வாசலில் ஓட்டோவை நிறுத்திவிட்டு நிற்பார். வெளிநாட்டுக்காரர் யாராவது வந்து இறங்கினால், அவர்கள் வாய் திறக்க முன்பே எந்த நாடு, என்ன குணம் என்று முடிவு கட்டிவிடுவார். ஜேர்மன்காரன் எதற்கும் விளக்கம் கேட்பான். இத்தாலிக்காரன் கத்துவான், ஆனால் மனசு வெள்ளை. ஜப்பான்காரன் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிசம் முந்தி நிற்பான், தொட்டால் சுருங்குவான், அழமாட்டான், சாகப் பயப்படமாட்டான்.

"எல்லாம் படிச்சுப் பாஸ் பண்ணின ஆள் மாதிரிக் கதைக்காதையுங்கோ" என்று நான் சொல்லுவேன்.

"பாஸ்தானே பண்ணினனான்" என்பார்.

பொய் இல்லை. ஓட்டோக்காரருக்கு என்று மூன்று நாள் வகுப்பு ஒன்று வைத்து, நாட்டுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ஜப்பான் தாளை இவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஓட்டோவிலேயே வைத்திருந்தார். வணக்கம் சொல்லும்போது குனிய வேண்டும். விசிட்டிங் காட் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். சோற்றுக்குள் சாப்பிடுகிற குச்சியை நட்டு வைப்பது பெரும் பிழை. ஏன் பிழை என்று தாளில் இல்லை. இவரும் கேட்கவில்லை.

இவருடைய கையிருப்பில் ஒரு கதை இருந்தது. உலக யுத்தத்தில் ஜப்பான் விமானங்கள் வந்து எங்கள் துறைமுகத்துக்குக் குண்டு போட்டதும், அதில் ஒருத்தன் விமானத்தோடேயே சீனக்குடா எண்ணெய்த் தாங்கிக்குள் பாய்ந்ததும். கையை விமானமாக்கி, வாயால் சத்தம் போட்டு, ஸ்ரேறிங்கில் ஒரு தட்டுத் தட்டுவார். "சாகப் பயமில்லை மிஸ், அவங்களுக்கு. சிரிச்சுக்கொண்டு போவாங்கள்." கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்கு மட்டும் அந்தக் கதை பிடிக்காது. ஏனென்று சொல்ல, எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் திருகோணமலை ரவுணிலேயே பிறந்து வளர்ந்தவள். இவர் ஈச்சிலம்பற்று. இரண்டாயிரத்து ஆறில் சண்டை வந்து அந்தப் பக்கத்துச் சனம் முழுக்க ஓடியபோது, தாயையும் தகப்பனையும் கூட்டிக்கொண்டு ஓடி, முகாம் முகாமாய் இருந்து, கடைசியில் லிங்கநகரில் வந்து குந்தியவர். தகப்பன் வீரக்குட்டி பிறகு செத்துப்போனார். தாய் இலட்சுமி, என் மாமி, எங்களோடுதான். இவருக்கு ஒரே ஒரு அண்ணன், சிவரூபன். ரூபன் என்று கூப்பிடுவார்களாம். இருபது வயதில் இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. ஒரு வருசத்துக்குள் கடலில் போய்விட்டான் என்று செய்தி வந்தது. வெடிமருந்துப் படகில் போனவனாம். உடம்பு வரவில்லை. பயம் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளை என்று ஊர் சொன்னது, இவரும் அதையே சொன்னார். எங்கள் மகள் லதுசா, பெரியப்பா எப்படிச் செத்தவர் என்று ஒரு நாள் கேட்டபோதும் அதே வசனம்தான்.

மாமி அழுது நான் கண்டதே இல்லை. ரூபனின் படம் வீட்டில் மாட்ட விடமாட்டா. அவன் பெயருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க விடமாட்டா. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் தகப்பனுக்கு விரதம் இருந்து கடலில் தீர்த்தமாடப் போகும்போது இவர் கேட்பார், "அண்ணனுக்கும் சேர்த்துச் செய்வமோ அம்மா?" மாமி ஒரே பதில்தான் வைத்திருந்தா.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் செத்தவனுக்கு நான் என்னத்துக்குத் தண்ணி வார்க்க?"

கூட இருந்த பொடியங்கள் சாக முன்னம் ஒளிச்சு மறைச்சு வீட்டுக்கு வந்து தாயைப் பார்த்துவிட்டுப் போனார்களாம். அவன் மட்டும் வரவில்லையாம். அதுதான் மாமிக்கு நெஞ்சில் முள். பதினெட்டு வருசமாக அந்தக் கோபத்தோடேயே வீட்டு வேலை எல்லாம் செய்துகொண்டு திரிந்தா. குசினியில் தேங்காய் திருவ மட்டும் என்னை விடமாட்டா. திருவலையில் குந்திக்கொண்டு, பாதித் தேங்காயை அழுத்திப் பிடித்துச் சரக் சரக் என்று திருவுவதைப் பார்த்தால், அந்தக் கோபம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். போன வருசம் நெஞ்சு நோ வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தா. இருதயம் பலவீனம், பார்த்துக்கொள்ளுங்கோ என்று டொக்டர் சொல்லிவிட்டார். இந்த மனிசி பெத்த பிள்ளையில் கோபத்தோடேயே கண்ணை மூடிவிடுமோ என்பதுதான் எனக்கு அன்றிலிருந்து பயம். இவருக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

இந்த வருச ஆடி அமாவாசைக்கு மூன்று நாள் இருக்க, உப்புவெளியில் தங்குமிடம் நடத்துகிற ஜவ்பர் நானா கோல் எடுத்தார். ஜப்பான் பொம்பிளை ஒருத்தி வந்திருக்கிறா, தனிய, துறைமுகம் தெரிகிற ஒதுக்குப்புறமான மேடு ஒன்றுக்குப் போக வேண்டுமாம், ஒரு கிண்ணம் வெள்ளைச் சோறும் கேட்கிறா என்றார். தனிப் பொம்பிளையைப் பற்றைக்குள் கூட்டிக்கொண்டு போவது சரியில்லை, நீயும் வா என்று இவர் என்னையும் ஏற்றினார். அடுத்த நாள் விடியச் சோறு வடித்து, ஒரு கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டேன். உறைப்பு ஆகாதவர்கள், அதுதான் வெறுஞ்சோறு கேட்கிறா என்று இவர் எனக்கு விளக்கம் சொன்னார். தாளில் இருந்ததாம்.

பெயர் யசுகோ. அறுபது தாண்டின மனிசி, மெல்லிசு, வெள்ளைத் தொப்பி. சொன்ன நேரத்துக்கு முந்தியே வாசலில் நின்றா. "பார்த்தியோ?" என்று இவர் எனக்குக் கண் காட்டினார். குனிந்தார், அவ குனிந்தா, இவர் இன்னும் குனிந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. அவவின் ஆங்கிலம் எங்கள் ஆங்கிலத்தை விட மோசம். ஆனால் போனுக்குள் ஜப்பான் பாசையில் கதைத்தால் அது தமிழில் திருப்பிச் சொன்னது, செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில், ஒரு எழுத்துப் பிசகாமல்.

சீனக்குடாவுக்குப் போகிற வழி முழுக்க இவர் சும்மா இருந்திருக்கலாம். இருப்பாரா! விமானக் கதையை எடுத்தார். கை விமானமானது, வாய் இரைந்தது, ஸ்ரேறிங்கில் தட்டு விழுந்தது. "யுவர் பீப்பிள், மேடம், நோ பியர்! ஸ்மைல் அண்ட் கோ!" அந்த மனிசி சிரித்தா. சிரித்து, தலையை ஆட்டி, வெளியே பார்த்தா. நல்லாய்த்தான் இருக்கிறது என்று நான் நினைத்தேன். தங்கட ஆட்கள் செத்த கதையைக் கேட்டுச் சிரிக்கிறதே, என்ன கல்லு மனசு என்றும் நினைத்தேன்.

வெள்ளைமணலுக்கு அங்கால் ஒரு மேடு. ஏறினால் குடா முழுக்கத் தெரியும். யசுகோ ஒரு பட்டையான கல்லைக் கண்டு, கைலேஞ்சியால் துடைத்தா. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கல்லுக்கு மேல் வார்த்தா. பையிலிருந்து ஊதுபத்தி எடுத்துக் கொளுத்தினா. பிறகு என் சோற்றைக் கிண்ணத்தில் கும்பமாய்க் குவித்து, இரண்டு குச்சிகளை எடுத்து, நட்டநடுவில் செங்குத்தாய்க் குத்தினா.

"நோ மேடம், நோ, நோ!" இவர் பாய்ந்தே விட்டார். "யுவர் கன்றி, வெரி பாட்!" குச்சியைப் பிடுங்கக் கையும் நீட்டிவிட்டார். அவவின் சோற்றில் அவவின் குச்சி, இவர் போய் அவவுக்கு ஜப்பான் பழக்கம் படிப்பிக்கிறார். எனக்கு வெட்கத்தில் நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

யசுகோ கோபிக்கவில்லை. போனை எடுத்து மெதுவாகக் கதைத்தா. செய்திக்காரி சொன்னாள்:

"ஆம். உணவு உண்ணும்போது நாங்கள் இவ்வாறு செய்வதில்லை. ஏனெனில் இது இறந்தவருக்கான சோறு."

இவருடைய கை அப்படியே நின்றது. எள்ளுச் சோறும் தலைமாட்டு விளக்கும் வைக்கிற சாதி நாங்கள். செத்தவருக்குச் செய்வதை உயிரோடு இருப்பவருக்குச் செய்யக் கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாள் சொன்னது முழுக்கச் சரிதான். பாதியைத்தான் சொல்லியிருந்தது.

பிறகு அவ சொன்ன கதையை அந்தப் போன் துண்டு துண்டாய்த் தமிழில் சொன்னது. அவவின் தாயின் சித்தப்பா ஒருவர், இருபத்தொரு வயது, அந்தக் குண்டுபோட வந்த விமானங்களில் ஒன்றில் இருந்தவர். திரும்பிப் போகவில்லை. கடலில் விழுந்தாரோ காட்டில் விழுந்தாரோ தெரியாது. வீட்டுக்கு ஒரு பெட்டி அனுப்பினார்களாம். திறந்தால் உள்ளே ஒரு கல் மட்டும். சிரித்துக்கொண்டு போனான் என்று ஊர் சொன்னது. அவருடைய தாய் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டே செத்தாளாம். எண்பது வருசம் அந்தக் குடும்பத்தில் அது ஒன்றுதான் கதை. போன வருசம் யசுகோவின் தாய் செத்து, அலுமாரியை ஒதுக்கும்போது ஒரு கடிதம் அகப்பட்டது. அந்தச் சித்தப்பா தன் அண்ணனுக்கு எழுதினது.

செய்திக்காரி அதை வாசித்தாள்: "அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்லாதே."

"அண்ணன் சொல்லவில்லை" என்றாள் செய்திக்காரி. "அவர் பயந்தார் என்பதை, அவர் இறந்த ஊரில் யாராவது ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்று நான் வந்தேன். கேட்டதற்கு நன்றி."

அப்போதும் அந்த மனிசி சிரித்துக்கொண்டுதான் நின்றா. ஆனால் போனைப் பிடித்திருந்த கை கிடுகிடு என்று நடுங்கியது. கல்லு மனசு என்று நினைத்த என் வாயில் மண். பதினெட்டு வருசமாக அழாத ஒரு முகத்தோடு ஒரே குசினியில் நிற்கிறேன், எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

திரும்பி வந்து யசுகோவை இறக்கும்போது இவர் குனியவும் மறந்துவிட்டார். அவதான் குனிந்தா. வீட்டுக்குப் போகிற வழியில், உட்துறைமுக ஓரத்தில் ஓட்டோவை நிற்பாட்டினார்.

"தயா, அண்ணன் வந்தவர்."

"எந்த அண்ணன்?"

"என்ர அண்ணன். ரூபண்ணன். சாக முன்னம் வீட்ட வந்தவர்."

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. இவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நல்ல மத்தியான வெயில். அப்பா மீன் பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தார். இவர் வளவில் நிற்க, வாசல் படலைக்குப் பின்னால் ரூபன். சாரமும் கிழிந்த சேட்டும், காலில் செருப்பு இல்லை. "டேய் சசி, எனக்குப் பயமாக் கிடக்குடா. என்னைப் படகுக்கு எடுத்திட்டாங்கள். எங்கயாவது ஒளிச்சு வையுங்கோடா" என்றானாம். இவருக்குப் பதினெட்டு வயது. ஒருத்தன் ஓடினால் அந்த வீட்டில் மற்றவனைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று ஊருக்கே தெரியும்.

"எனக்கு என்ர உயிர்தான் தெரிஞ்சது தயா. ஏலாது, போ அண்ணன், போ எண்டனான். அம்மா எங்கயடா எண்டு கேட்டவர். அம்மா வெருகல் கோயிலுக்குப் போட்டா, பின்னேரம்தான் வருவா எண்டு சொல்லிப்போட்டன்."

"மாமி கோயிலுக்கோ போனவ?"

"இல்லை" என்றார். "குசினிக்குள்ள நிண்டவ."

எனக்கு வந்த கோபத்தில் அந்த இடத்திலேயே இறங்கி நடந்துவிட வேண்டும் போலிருந்தது. இவ்வளவு காலம் ஒரே பாயில் படுத்த மனிசன்! "இந்த மனிசி பதினெட்டு வருசமாச் சொல்லாமல் போனவன் எண்டு பெத்த பிள்ளையைத் திட்டுது, நீங்கள் பக்கத்தில இருந்து சோறு தின்னுறியள்" என்று கத்தினேன். பிறகு ஆத்திரம் இறங்கப் பயம் பிடித்துக்கொண்டது. "இப்ப சொல்லப் போறியளோ? நெஞ்சு வருத்தக்காரி. சொன்னால் தாங்குமோ? வேண்டாம் இஞ்சாருங்கோ, பேசாமல் விடுங்கோ" என்று கெஞ்சினேன். சொன்னால் மாமி செத்துவிடக் கூடும். சொல்லாவிட்டால் ரூபனைத் திட்டிக்கொண்டே சாவா. இரண்டில் எது பாவம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"அந்தக் கடிதத்தில அம்மாட்டச் சொல்லாத எண்டு கிடந்தது" என்றார் இவர். "அண்ணன் என்னட்ட அப்பிடிச் சொல்லேல்லை. அம்மா எங்க எண்டுதான் கேட்டவர்."

அடுத்த நாள் மத்தியானம் சொன்னார். லதுசா பள்ளிக்கூடம் போயிருந்தாள். மாமி திருவலையில் குந்தியிருந்தா. இவர் குசினி நிலத்தில் முழங்காலில் இருந்து, ஒன்று விடாமல் சொன்னார். அழுது அழுது சொன்னார். நான் மாமியின் நெஞ்சு வருத்தக் குளிசைப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு கதவடியில் நின்றேன்.

முடிந்த பிறகு மாமி கேட்டா:

"சாப்பிட்டவனோ?"

"பசிக்குது எண்டவர் அம்மா. சோறு இன்னும் வேகேல்லை எண்டனான்."

"நான் அப்ப குசினிக்குள்ள என்ன செய்துகொண்டு நிண்டனான்?"

இவர் மாமியின் கையில் இருந்த பாதித் தேங்காயைப் பார்த்தார். "தேங்காய் திருவிக்கொண்டு நிண்டனீங்கள்."

"படலையில கேட்கிற தூரம்தானே?"

இவர் ஓம் என்று தலையை ஆட்டினார்.

"அவனுக்குக் கேட்டதோடா?"

"ஓம் அம்மா" என்றார். "கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நிண்டவர். பிறகு ஒண்டும் சொல்லாமல் போட்டார்."

மாமி தேங்காயைத் தட்டத்தில் வைத்தா. எழும்பப் பார்த்து ஏலாமல் சுவரைப் பிடித்தா. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். உடம்பு நெருப்பாய்ச் சுட்டது, ஆனால் நெஞ்சு தாங்கிக்கொண்டது. தன்னுடைய அறைக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தா. அன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை. இவரோடு ஒரு சொல் கதைக்கவில்லை. ரூபனில் பிடித்திருந்த கோபம் இப்போது இவரில் ஏறிவிட்டது என்று நான் நினைத்தேன். அதுகூட இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அமாவாசை அன்று விடிய நாலு மணிக்கு எழும்பிப் பார்த்தால் மாமி குளித்து, வெள்ளைச் சேலை உடுத்து, கதிரையில் இருக்கிறா. கையில் எள்ளுப் பொட்டலம். "நானும் வாறன்" என்றா என்னிடம்.

கடற்கரையில் சனம் என்றால் சனம். ஐயர்மார் வரிசையாய் மணலில் இருந்தார்கள். எங்கள் முறை வந்தது. இவர் தர்ப்பையைப் போட்டுக்கொண்டு இருந்தார். தகப்பனுக்கு எல்லாம் முடிந்தது. "வேற யாருக்கும் இருக்கோ?" என்று ஐயர் கேட்டார்.

"இருக்கு" என்றா மாமி. "மகன். சிவரூபன். ஆயிலிய நட்சத்திரம்."

ஐயர் மந்திரத்துக்கு வாய் திறந்தார். மாமி விடவில்லை.

"பயந்த பிள்ளை ஐயா."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவருடைய ஊர் ஆட்களும் இருந்தார்கள், ரூபனைத் தெரிந்தவர்கள். "அதெல்லாம் சொல்லத் தேவையில்லை அம்மா, பேரும் நட்சத்திரமும் காணும்" என்றார் ஐயர்.

"எனக்குத் தேவை" என்றா மாமி.

எள்ளும் தண்ணீரும் இவர்தான் இறைத்தார். அரைவாசி மணலில் போனது. மாமி அதைக் கவனிக்கவில்லை. சேலை நனைய நனையக் கடலுக்குள் இறங்கி, முழங்கால் அளவு தண்ணீரில் நின்றா. நான் பின்னால் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அந்த மனிசி அழுதா. தெருவில் நின்று பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில், அவ்வளவு சனத்துக்கும் கேட்கக் கத்தினா:

"ரூபன்! நான் உள்ளுக்கு ஒளிச்சு நிக்கேல்லையடா! எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை! நீ வந்தது எனக்குத் தெரியாதடா மகனே!"

திரும்பத் திரும்ப அதையே கத்தினா. தொண்டை அடைத்த பிறகுதான் கரைக்குக் கூட்டிவர முடிந்தது.

இது நடந்து ஐந்து மாதம். இவர் இன்றைக்கும் கோட்டை வாசலில்தான் நிற்கிறார். விமானக் கதை சொல்வதில்லை. லதுசாவுக்குப் பெரியப்பாவைப் பற்றி உள்ளதைச் சொன்னார். மாமி இவருக்குச் சோறு போட்டுக் கொடுக்கிறா, முகம் பார்ப்பதில்லை. ஒருநாள் பார்ப்பா என்று நான் இவருக்குச் சொல்கிறேன், எனக்கே அதில் நம்பிக்கை இல்லாமல். தேங்காய் இப்போது நான்தான் திருவுகிறேன், வளவுக்குப் பின்னால், கிணற்றடியில் இருந்து. குசினிக்குள் அந்தச் சத்தம் கேட்டால் மாமி எழும்பிப் படலைக்கு ஓடுகிறா.